நெல்லைச் சீமையிலிருந்து காலநிலைப் பொருளாதார ஆராய்ச்சிக்கு: படிப்பு, சான்றிதழ், செலவு, காலக்கெடு

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ திசையன்விளையிலோ பி.ஏ., பி.எஸ்சி. படித்துக்கொண்டு, காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பைக் கணக்கிடும் ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும் பேரிடர்களின் பொருளாதாரத்தை ஆராய விரும்புகிறவர்களுக்கும் வழி இதுதான். இந்த வழியில் போய் நடுவில் நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் பொருளாதாரம் புரியாமல் நிற்பதில்லை. கணக்கைத் தள்ளிப்போட்டதால் நிற்கிறார்கள், அல்லது ஒரு சான்றிதழ் நாள் தப்பியதால் ஒரு வருஷத்தை இழக்கிறார்கள். இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம்.

1. துறை உங்களிடம் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்

சுற்றுச்சூழல் மேல் உள்ள அக்கறை உங்களை இந்த வாசலுக்குக் கொண்டுவரும். உள்ளே போனால் வேலை முழுக்கக் கணக்கு. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்னும் 100 வருஷம் கழித்து வெள்ளத்தால் 1 கோடி ரூபாய் இழப்பு வரும் என்று வையுங்கள். அதைத் தடுக்க இன்றைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? எதிர்கால ரூபாயை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி வீதம் ஆண்டுக்கு 1.4 சதவீதம் என்றால் அந்த இழப்பின் இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம். வீதம் 4.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1 லட்சத்து 23 ஆயிரம். இழப்பும் காலமும் மாறவில்லை, மாறியது வீதம் மட்டும். விடையோ இருபது மடங்கு மாறிவிட்டது.

முதல் வீதம் பிரிட்டன் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006-ல் தந்த அறிக்கையில் உள்ளது. இரண்டாவது, 2018-ல் நோபல் பெற்ற வில்லியம் நோர்ட்ஹாஸின் மாதிரிகள் வழக்கமாகத் தரும் வட்டத்துக்குள் வருவது. துறையின் பாதிச் சண்டை இந்த ஒரு எண்ணைப் பற்றியது. மீதிச் சண்டையில் பெரும்பகுதி, மிக அரிதாக நடந்தாலும் நடந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும் நிகழ்வுகளுக்கு எப்படி விலை போடுவது என்பது. 2009-ல் மார்ட்டின் வைட்ஸ்மன் அதைக் கூர்மையாக எழுப்பினார். உலகப் பேரிடர் ஆராய்ச்சி பொருளாதாரத்தோடு சேருமிடம் அதுதான்.

மேலே உள்ள கணக்கை நீங்களே கால்குலேட்டரில் போட்டு, ஏன் இப்படி மாறுகிறது என்று யோசிக்கத் தோன்றினால் மேலே படியுங்கள். சலிப்பாக இருந்தால், சுற்றுச்சூழல் சட்டம், இதழியல், களப்பணி என்று இதே அக்கறைக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன.

2. கணக்கை எம்.ஏ. சேருவதற்கு முன்பே முடியுங்கள்

நம் வட்டாரக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு ‘கணிதமுறைகள்’, ‘புள்ளியியல்’ என்று தாள்கள் இருக்கும். அது போதாது. உங்களுக்கு வேண்டியவை நான்கு: பல மாறி நுண்கணிதம், அணி இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் அனுமானம். இவற்றுக்குப் பிறகுதான் பொருளாதார அளவையியல் (எகனாமெட்ரிக்ஸ்). வரிசையை மாற்றினால், அளவையியல் மனப்பாடப் பாடமாகிவிடும்.

பக்கத்து வகுப்பில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் நண்பரின் பாடநூலும், வாரம் 8 மணி நேரமும், 18 மாதமும் இருந்தால் முடியும். என்பிடெல், ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளங்களின் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் என்பிடெல் தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். எல்லாப் பாடத்துக்கும் தேர்வு எழுத வேண்டாம். நிகழ்தகவுக்கும் அளவையியலுக்கும் மட்டும் எழுதுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலில் கணக்கு இல்லை என்ற குறையை விண்ணப்பத்தில் அந்த இரண்டும் ஓரளவு மூடும்.

பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், இயற்பியல் படிக்கிறவர்கள் தயங்க வேண்டாம். பல முதுகலைப் பொருளாதாரப் படிப்புகள் உங்களையும் சேர்க்கும். கணக்குத் தெரிந்தவருக்குப் பொருளாதாரம் கற்றுத் தருவது எளிது. எதிர்ப்பக்கம் அப்படியில்லை.

மென்பொருளில் ‘ஆர்’ போதும். இலவசம், 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும். வரைபடத்துக்கு ‘க்யூஜிஐஎஸ்’, அதுவும் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஸ்டேட்டா மென்பொருளைத் திருட்டுப் பதிப்பில் ஏற்றாதீர்கள். கட்டுரை வெளியிடும்போது நிரலையும் கேட்பார்கள், அப்போது சங்கடம்.

3. எம்.ஏ. எங்கே

வீட்டிலிருந்து போய்வர முடிந்தால், அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளும் இருக்கின்றன. செலவு குறைவு. ஆனால் அளவையியலை நீங்களே கூடுதலாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு மனத்தில் தயாராக இருந்தால் இது தாழ்ந்த வழி அல்ல.

வெளியே போவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது சென்னை கோட்டூர்புரத்து மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் நீண்ட காலமாக வேலை செய்யும் இடம். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைப் போல இங்கும் சேர்க்கை கியூட்-பிஜி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு வழியாக. வினாத்தாளில் 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பார்கள். விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், தேர்வு பெரும்பாலும் மார்ச்சில். நம் பிள்ளைகள் மே மாதம் கடைசி செமஸ்டர் முடிந்த பிறகு விசாரிக்கிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவைப் பொருளாதார முதுகலை தனி ரகம். படிப்புக் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் தருகிறார்கள். தேர்வு மே மாதம், இரண்டு தாள். முதல் தாள் முழுக்கக் கணக்கு, இரண்டாவது பொருளாதாரம். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். பத்து வருஷத் தாள்களைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கு இந்தத் தேர்வு அச்சமாக இருக்காது. பணவசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்த ஒரு விண்ணப்பத்தையாவது விடக்கூடாது.

4. சான்றிதழ்கள்: இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்

*ஓபிசி சான்றிதழ்.* பள்ளியில் வாங்கிய பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், ‘கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) இல்லை’ என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் உங்கள் சாதிப்பெயர், எழுத்துக்கூட்டு உட்பட, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு, பெரும்பாலான மத்தியச் சேர்க்கைகள் நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழைக் கேட்கின்றன. மார்ச் 20-ல் வாங்கியது ஏப்ரல் 1-ல் பழையதாகிவிடும்.

விண்ணப்பம் இ-சேவை வழியாக, கட்டணம் 60 ரூபாய். கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண்) இல்லையென்றால் முதலில் அதைப் பதிவு செய்ய வேண்டும். கோப்பு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும் போகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே போடுங்கள். மே, ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக் கூட்டமும் ஜமாபந்தியும் சேர்ந்து கோப்புகள் தேங்கும். வாடகை வீட்டு முகவரியில் போடாதீர்கள். நிரந்தர முகவரி ராதாபுரம் வட்டம் என்றால் அந்த வட்டாட்சியர்தான் தர வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

*பெயரும் இனிஷியலும்.* பத்தாம் வகுப்புச் சான்றில் ‘முத்துலட்சுமி ச’, ஆதாரில் ‘முத்துலட்சுமி சண்முகம்’, பட்டச் சான்றில் ‘ச. முத்துலட்சுமி’. நமக்கு மூன்றும் ஒன்று. இணைய விண்ணப்பத்துக்கு மூன்றும் மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே முதலில் பாஸ்போர்ட் எடுங்கள், ஆதாரை அதன்படி திருத்துங்கள், அதற்குப் பிறகு எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பழைய சான்றுகளுக்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. காவல்துறை விசாரணைக்கு வரும்போது நீங்கள் அந்த முகவரியில் இருக்க வேண்டும். சென்னை விடுதியில் இருந்துகொண்டு நாங்குநேரி முகவரிக்குப் போட்டால் கோப்பு திரும்பிவிடும். விடுமுறைக்கு ஊர் வரும் மாதம் பார்த்துப் போடுங்கள்.

*பல்கலைக்கழகத் தாள்கள்.* படிப்பு முடித்தவுடன் நான்கையும் சேர்த்து வாங்குங்கள்: தற்காலிகப் பட்டச் சான்று, ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், இடம்பெயர்வுச் சான்று, டிரான்ஸ்கிரிப்ட். டிரான்ஸ்கிரிப்டை மூடி முத்திரையிட்ட உறைகளில் குறைந்தது ஐந்து பிரதி கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக வாங்கப் போனால் ஒவ்வொரு முறையும் கட்டணம், ஒவ்வொரு முறையும் சில வாரம். பயிற்றுமொழிச் சான்றையும் அப்போதே கல்லூரி முதல்வரிடம் வாங்குங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் அதைத் தமிழ்வழி என்றே வாங்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணியில் தமிழ்வழி ஒதுக்கீட்டுக்கு அது உதவும், வெளிநாட்டுக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதிக்கொள்ளலாம்.

5. நெட் தேர்வு

இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கும் உதவித்தொகைக்கும் யுஜிசி-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு பெரிய வாசல். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் சுற்றும் டிசம்பர் சுற்றும். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், இடைவேளையில்லாமல் 3 மணி நேரம். தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஆகவே 150 கேள்விக்கும் விடை குறிக்காமல் எழுந்து வரக்கூடாது. பொருளாதார வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலக் கலைச்சொற்களைத் தனி நோட்டில் எழுதிப் பழகுங்கள், மூன்று மாதத்தில் கை வந்துவிடும்.

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற வயது 30-க்குள், இந்தப் பிரிவினருக்கும் பெண்களுக்கும் 5 வருஷம் தளர்வு. விண்ணப்பக் கட்டணம் அண்மைச் சுற்றுகளில் பொதுப் பிரிவுக்கு 1,150, ஓபிசிக்கு 600, எஸ்சி, எஸ்டிக்கு 325 ரூபாய். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி.

2024 ஜூன் முதல் தேர்ச்சி மூன்று அடுக்காக வருகிறது. கீழடுக்கில் ‘முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும்’ என்று வரும் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். சேர்க்கையில் அந்த மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை. மதிப்பெண் வந்த பிறகு வழிகாட்டியைத் தேட ஆரம்பித்தால் ஓராண்டு ஓடிவிடும். தேர்வுக்கு முன்பே தேடுங்கள். ஜேஆர்எஃப் கடிதத்துக்கு ஆயுள் அதைவிடக் கூடுதல், அங்கே அவ்வளவு அவசரம் இல்லை.

சேர்ந்த பிறகு உதவித்தொகை தானாக வந்துவிடாது. நிறுவனம் மாதாமாதம் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். முதல் தவணைக்குச் சில மாதம் ஆகலாம் என்று வைத்து, நான்கு மாத விடுதிச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

6. கேள்வியை நம் ஆற்றிலிருந்து எடுங்கள்

‘காலநிலை மாற்றமும் இந்திய விவசாயமும்’ என்ற தலைப்போடு போகாதீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்கு வருகிறவர்கள் ஏராளம். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து, எந்த மாதம் வருகிறது என்பது. இந்தியா முழுமைக்கும் செய்யும் ஆய்வுகள் பல ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையை எடுத்து விளைச்சலோடு ஒப்பிடுகின்றன. நெல்லைச் சமவெளியில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதோடு முடியவில்லை. கார் பருவ நெல் விளைவது வயலில் பெய்த மழையால் அல்ல, மேற்குமலையில் பெய்து பாபநாசம் அணைக்கு வந்த தண்ணீரால். மாவட்ட மழையை வைத்துக் கார் விளைச்சலை விளக்கப் போனால் எண்கள் பொய் சொல்லும். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவான 143 அடியில் ஜூன் 1-ம் தேதி எத்தனை அடி இருந்தது என்பதே சரியான மாறி. பிசானப் பருவ நெல்லுக்கு வேறு கணக்கு. இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதினாலே நேர்காணல் அறையில் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தரவு எங்கே கிடைக்கும்: இந்திய வானிலைத் துறையின் புனே தளத்தில் 1901 முதல் நாள்வாரி மழை, கால் பாகைக் கட்டங்களாக, இலவசம். வெப்பநிலை 1951 முதல், ஒரு பாகைக் கட்டங்களாக. ஐரோப்பாவின் இஆர்ஏ5 என்ற வானிலைத் தரவு 1940 முதல். விளைச்சலுக்கு மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கைகளும், இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டத் தரவுத் தொகுப்பும். குடும்பச் செலவு, வேலை பற்றிய தேசிய மாதிரி ஆய்வுகளின் மூலத்தரவும் பதிவுசெய்தால் இலவசமாகவே கிடைக்கும்.

எங்கே தவறுகிறது என்பதை 2023 டிசம்பர் வெள்ளத்தை வைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழை பெய்யத் தொடங்கியது 17-ம் தேதி. ஆனால் வானிலைத் துறையின் மழைநாள் காலை எட்டரை மணிக்கு எட்டரை மணி, ஆகவே அது 18-ம் தேதிக் கணக்கில் வரும். இஆர்ஏ5-ன் நேரம் உலகப் பொது நேரம், நம் எட்டரை மணி அங்கே அதிகாலை 3 மணி. இரண்டு தரவையும் தேதி பார்த்து அப்படியே ஒட்டினால் ஒரு நாள் பிசகி, இரண்டுக்கும் உறவே இல்லை என்று முடிவு வரும். இன்னொன்று, கால் பாகைக் கட்டம் ஒரு பக்கம் சுமார் 27 கிலோமீட்டர். அந்தப் பரப்புக்குச் சராசரி எடுக்கும்போது காயல்பட்டினத்து 95 மழுங்கிவிடும். தீவிர மழையை ஆராய்கிறீர்கள் என்றால் மழைமானி நிலையத் தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கோப்பில் தரவு இல்லாத இடத்தில் -999 என்று இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மழை எதிர்மறையாக வரும். வந்தால் நல்லது, பிழை தெரிந்துவிடும். நீண்ட சராசரியில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

மாவட்ட எல்லை அடுத்த பொறி. 1986 அக்டோபரில் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 1980-ன் ‘திருநெல்வேலி’யும் 2022-ன் ‘திருநெல்வேலி’யும் ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு நிலங்கள். நெல் பரப்பு 2020-ல் திடீரென்று விழுந்தது வறட்சியால் என்று எழுதிவிடாதீர்கள். பழைய மாவட்டத்தின் எல்லைக்கு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது வட்டம் வட்டமாகத் தரவெடுங்கள். வருவாய்க் கணக்குகளைப் பார்க்கும்போது பசலி ஆண்டு வரும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு: பசலி 1433 என்பது 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை. டிசம்பர் வெள்ளம் அந்தப் பசலியில் விழுகிறது.

இதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024-ல் ‘நேச்சர்’ இதழில், இந்த நூற்றாண்டின் நடுவில் உலக வருமானம், காலநிலை மாற்றம் இல்லாத நிலையைவிட 19 சதவீதம் குறைவாக இருக்கும் என்று ஒரு கட்டுரை வந்தது. உலகமெங்கும் மேற்கோள் காட்டினார்கள். உஸ்பெகிஸ்தானின் 1990-களின் வளர்ச்சித் தரவில் கோளாறு இருப்பதையும், அந்த ஒரு நாட்டை எடுத்துவிட்டால் முடிவு பெரிதும் மாறுவதையும் மற்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2025 டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நீங்கள் எந்த முடிவை எழுதினாலும், ஒவ்வொரு மாவட்டமாக, ஒவ்வொரு ஆண்டாக நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ‘ஆர்’-ல் பத்து வரி வேலை.

களஆய்வு செய்வதென்றால் ஆள்நாளை முதலில் கணக்கிடுங்கள். ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் பாசனத்தில் 200 குடும்பம், ஒருவர் நாளைக்கு 4 வீடு என்றால் 50 ஆள்நாள். அறுவடை வாரத்தில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் வெயிலின் பாதிப்பைக் கேட்பதென்றால் மாலையில் வீட்டில் போய்ப் பாருங்கள், பாத்தியில் நிற்கும்போது அல்ல. நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். களக்காடு முண்டந்துறைக்குள் கால் வைப்பதென்றால் வனத்துறை அனுமதி தனி, அது இன்னும் தாமதமாகும்.

7. வழிகாட்டியைத் தேடுவது

யுஜிசியின் 2022 விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப்பேராசிரியர் 6 பேர், உதவிப்பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. ஆகவே முதல் கேள்வி, ‘ஐயா, உங்களிடம் இடம் இருக்கிறதா?’ இதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஆறு மாதம் நடையாய் நடந்த பிறகு இல்லை என்று தெரிவதில் யாருக்கும் பயனில்லை.

மின்னஞ்சல் இரண்டு பத்தி போதும். முதல் பத்தியில் உங்கள் கேள்வியும் தரவும்: ‘2023 வெள்ளத்துக்குப் பின் ஸ்ரீவைகுண்டம் பாசனப் பகுதியில் வாழைப் பரப்பு குறைந்ததா, காப்பீடு செய்தவர்கள் மறுபடி வாழைக்கே திரும்பினார்களா என்று ஆராய விரும்புகிறேன். வட்டவாரிப் பரப்புத் தரவு என்னிடம் உள்ளது.’ இரண்டாவதில் அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த முறை இதற்குப் பொருந்தும் என்று ஒரு வரி, உங்கள் கணக்குப் பின்னணி ஒரு வரி. வணக்கத்துக்குரிய, மாண்புமிகு என்று அடுக்க வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எங்கே எழுதலாம்: மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் (எம்ஐடிஎஸ்), அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற மையம், பெங்களூருவின் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனமான ஐசெக், மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி பொருளாதார வளர்ச்சி நிறுவனம். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடுதல் 6 ஆண்டு. நீட்டிப்பு 2 ஆண்டு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னும் 2. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. இது சலுகை அல்ல, விதி. கேட்டு வாங்குங்கள்.

8. வெளிநாடு போவதென்றால்

செலவை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் 18,000 ரூபாய் அளவில், இரண்டாண்டு செல்லும். அமெரிக்கப் பொருளாதாரத் துறைகள் பல கேட்கும் ஜிஆர்இ தகுதித் தேர்வு 22,000 அளவில், ஐந்தாண்டு செல்லும். அமெரிக்காவில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம், பத்து இடத்துக்குப் போட்டால் லட்சத்தை நெருங்கும். கட்டண விலக்கு கேட்டு எழுதினால் சில இடங்களில் தருகிறார்கள். கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடு வரை.

கையில் காசு இல்லாதவர்கள் ஐரோப்பாவை முதலில் பாருங்கள். எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைகளில் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் உண்டு. கெடு அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் உதவித்தொகை இல்லாமல் போனால் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டும், ஏபிஎஸ் என்ற கல்விச் சான்றிதழ்ச் சரிபார்ப்புக்கு 18,000 ரூபாய் தனி. ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்று முகவர்கள் சொல்லும்போது இந்த இரண்டையும் சொல்வதில்லை. முனைவர் பட்டம் அங்கே பெரும்பாலும் சம்பள வேலை. போட்ஸ்டாம் காலநிலைத் தாக்க ஆய்வு நிறுவனம் போன்ற இடங்கள் வேலைவாய்ப்பு அறிவிப்பாகவே போடும். எஸ்சி மாணவர்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையையும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில அரசின் அயலகக் கல்வித் திட்டத்தையும் சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலேயே முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்கும் ஒரு நல்ல சாளரம் உண்டு: ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் உள்ள ஐயாசா என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தின் இளம் விஞ்ஞானிகள் கோடைத் திட்டம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம். இந்தியா அதில் உறுப்பு நாடு. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் போடுங்கள். தெற்காசிய மாணவர்களுக்குக் காட்மாண்டுவில் உள்ள சாண்டீ என்ற தெற்காசியச் சுற்றுச்சூழல் பொருளாதார அமைப்பு நடத்தும் பயிற்சிகளும் சிறு ஆய்வு நிதியும் அதே அளவு மதிப்புள்ளவை. நிதிக்கு எழுதும் திட்ட அறிக்கையைத் திருத்தித் தருவார்கள், பணத்தைவிட அதுவே பெரிய லாபம்.

9. கட்டுரை வெளியிடுவதில் ஏமாறாமல் இருக்க

வாட்ஸ்அப்பில் ‘ஏழு நாளில் வெளியீடு, 2,500 ரூபாய், சான்றிதழ் இலவசம்’ என்று வந்தால் அழித்துவிடுங்கள். தரமான இதழ்கள் என்று தான் வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலையே 2025-ல் யுஜிசி கைவிட்டுவிட்டது. ‘கேர் பட்டியலில் உள்ள இதழ்’ என்று இன்னமும் விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். 2022 விதிப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயமும் இல்லை, உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். மோசடி இதழில் வந்த கட்டுரை உங்கள் தற்குறிப்பில் நிரந்தரக் கறை. இந்தியச் சூழலியல் பொருளாதாரச் சங்கத்தின் மாநாட்டில் படித்து, அவர்கள் இதழுக்கு அனுப்பி, மறுப்பு வாங்கித் திருத்துங்கள். ஓராண்டு ஆகும். பொருளாதாரத்தில் அது சாதாரணம்.

10. வேலை

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி உதவிப்பேராசிரியர் பணி ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக. யுஜிசி ஊதியத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அறிவிப்பு ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை, ஆகவே அதை மட்டும் நம்பிக் காத்திருக்கக்கூடாது. முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே சீஇஇடபிள்யூ, சிஸ்டெப் போன்ற கொள்கை ஆய்வு நிறுவனங்கள், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், காப்பீட்டு நிறுவனங்களின் இடர்க் கணிப்புப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் போடுங்கள். மாநிலக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் பிரிவு இருக்கிறது. உங்கள் ஆய்வு முடிவை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அங்கே கொடுங்கள். அடுத்த முறை தரவு கேட்டுப் போகும்போது கதவு திறக்கும்.

உலகப் பேரிடர் ஆராய்ச்சி என்ற பெயரிலேயே வேலை தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெயரில் உள்ள மையங்கள் உலகத்திலேயே சில. கேம்பிரிட்ஜில் 2012-ல் தொடங்கியது இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் புகழோடு இருந்த ஒன்று 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே இருந்தவர்களில் அளவையியலும் காலநிலைத் தரவும் கையில் இருந்தவருக்கு எந்தப் பொருளாதாரத் துறையிலும் விண்ணப்பிக்க முடியும், பெயர்ப்பலகையை மட்டும் நம்பியவருக்கு முடியாது. அதனால் பட்டத்தைப் பொருளாதாரத்தில் வாங்குங்கள். பல நாட்டு விளைச்சல் ஒரே ஆண்டில் சேர்ந்து தோற்பது, பேரழிவின் நிகழ்தகவு, காப்பீடு எட்டாத இழப்பு போன்றவற்றை ஆய்வேட்டின் ஓர் இயலாக வையுங்கள். அந்த மையங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இயலை முன்னால் வைத்தும், பொருளாதாரத் துறைகளுக்கு விண்ணப்பிக்கும்போது பாபநாசம் அணை பற்றிய இயலை முன்னால் வைத்தும், ஒரே ஆய்வேட்டிலிருந்து இரண்டு தற்குறிப்பு தயார் செய்துகொள்ளுங்கள்.